சிறு அழகு நிலையங்களில் இடர் மேலாண்மை

சிறு அழகு நிலையங்களில் இடர் மேலாண்மை என்பது, ஓரிரு நாற்காலிகளுடனும் சில பணியாளர்களுடனும் இயங்கும் அழகு நிலையம் அல்லது முடிதிருத்தகம் சந்திக்கக்கூடிய இழப்புகளை முன்கூட்டியே இனங்கண்டு, அவற்றின் வாய்ப்பையும் பாதிப்பையும் குறைக்கும் முறையாகும். பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனித் துறை இருக்கும். சிறு நிலையத்தில் உரிமையாளரே காசாளராகவும் முதன்மைப் பணியாளராகவும் இருப்பதால் இப்பொறுப்பும் அவரையே சேர்கிறது. குடும்பத்தின் பணமும் தொழிலின் பணமும் ஒரே பையில் இருப்பதால், தொழிலில் ஏற்படும் இழப்பு நேரடியாக வீட்டைத் தாக்குகிறது.

இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விடர்களை விளக்குகிறது.

பின்னணி

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை முதலிய பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் 1960களில் இருந்து இயங்கி வருகின்றன. பூந்தமல்லி, சென்னையைப் பெங்களூருடன் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த பழைய ஊராகும். தொழிலாளர் குடியிருப்புகளாக வளர்ந்த இப்பகுதிகளில் பின்னர் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகின. ஆவடியை அடுத்த பட்டாபிராமில் டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் பெண்களின் எண்ணிக்கை கூடியபோது அழகு நிலையங்களும் கூடின. இவற்றுள் பல, வீட்டின் முன்னறையிலோ மாடியிலோ பெண்களால் தொடங்கப்பட்டவை.

நிர்வாக அமைப்பில் இம்மூன்று ஊர்களும் ஒன்றல்ல. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் 7ஆவது மண்டலமானது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சியாகும். எனவே தொழில் உரிமம் வழங்கும் அமைப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. இவ்வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பது 2020இல் தெரிந்தது (பார்க்க: கட்டாய மூடல்).

இடர் என்னும் கருத்து

ஐ.எஸ்.ஓ. 31000 என்னும் பன்னாட்டுத் தரநிலை (2009, திருத்தம் 2018), நோக்கங்களின் மீது உறுதியின்மை ஏற்படுத்தும் விளைவே இடர் என வரையறுக்கிறது. ஓர் இடரை அளவிட இரண்டு வினாக்கள் போதுமானவை: அது எவ்வளவு அடிக்கடி நிகழும்? நிகழ்ந்தால் எவ்வளவு இழப்பு? இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து நான்கு வழிகளில் ஒன்று தெரிவு செய்யப்படுகிறது.

* தவிர்த்தல்: இடர் மிகுந்த சேவையையே செய்யாதிருத்தல்
* குறைத்தல்: பயிற்சி, சோதனை, தூய்மை ஆகியவற்றால் வாய்ப்பைக் குறைத்தல்
* பகிர்தல்: காப்பீடு, ஒப்பந்தம் ஆகியவற்றின் வழியாக இழப்பைப் பிறருடன் பகிர்தல்
* ஏற்றல்: சிறிய இழப்பைக் கைப்பணத்தில் இருந்து ஈடுசெய்தல்

சிறு நிலைய உரிமையாளர்கள் பெரும்பாலும் அஞ்சுவது அடுத்த தெருவில் திறக்கப்படும் புதிய நிலையத்தைப் பற்றியாகும். போட்டியால் வரும் இழப்பு மெதுவாக வருவதால் விலையையோ சேவையையோ மாற்றிச் சமாளிக்க அவகாசம் கிடைக்கிறது. அரிதாக வரும் வெள்ளம், நீண்ட மூடல், வாடிக்கையாளருக்கு ஏற்படும் உடற்காயம் ஆகியவை அவ்வாறு அவகாசம் தருவதில்லை.

பணவரவு இடர்கள்

பருவமும் முகூர்த்தமும்

அழகு நிலையத்தின் வருமானம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. மணப்பெண் அலங்காரத்தால் வரும் வருமானம் முகூர்த்த நாட்களைச் சார்ந்தது. ஆடி, மார்கழி ஆகிய மாதங்களில் இந்துத் திருமணங்கள் பொதுவாக நடத்தப்படுவதில்லை. ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் பல அழைப்புகள் வரும். ஆண்களுக்கான முடிதிருத்தகங்களில் கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்கு மாலை அணிந்தோர் முடி வெட்டிக்கொள்வதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் முடி வெட்டிக்கொள்ளாத வழக்கமும் பரவலாக உள்ளது. வாடகை, சம்பளம், கடன் தவணை ஆகியவை இந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. எனவே தை மாத வருமானத்தை அம்மாதத்துக்கு உரியதாக மட்டும் கருதாமல், ஆடி மாத வாடகையையும் அதிலிருந்தே ஒதுக்குவது முறையாகும்.

சமநிலைப் புள்ளி

பின்வருவது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்காகும். ஒரு நிலையத்தின் மாத நிலைச்செலவு: வாடகை ரூ. 15,000, இரு பணியாளர் சம்பளம் ரூ. 24,000, மின்சாரமும் தண்ணீரும் ரூ. 4,000, கடன் தவணை ரூ. 7,000, மொத்தம் ரூ. 50,000. ஒரு வாடிக்கையாளர் சராசரியாக ரூ. 400 செலுத்துகிறார் என்றும், அதில் பொருட்களுக்கு ரூ. 100 செலவாகிறது என்றும் கொண்டால், மிஞ்சுவது ரூ. 300. நிலைச்செலவை மட்டும் ஈடுசெய்யவே மாதம் 167 வாடிக்கையாளர்கள் தேவை. வாரம் ஒரு நாள் விடுமுறை எனில் நாளொன்றுக்கு ஆறு அல்லது ஏழு பேர். உரிமையாளரின் சொந்த உழைப்புக்கான ஊதியம் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

முன்பணத் தொகுப்புகள்

பத்துச் சேவைகளுக்கான பணத்தை ஒரே தடவையில் பெற்றுக்கொண்டு தள்ளுபடி வழங்கும் முறை பல நிலையங்களில் உள்ளது. இவ்வாறு பெறப்படும் பணம் சேவை முடியும் வரை வருமானமன்று. வாடிக்கையாளருக்குச் செலுத்த வேண்டிய கடனேயாகும். இதனை வாடகைக்கோ வீட்டுச் செலவுக்கோ பயன்படுத்திவிட்டால், நிலையம் மூட நேரும்போது பணத்தைத் திருப்பித் தர இயலாமல் போகும்.

கடனும் சீட்டும்

பிரதம மந்திரி முத்ரா திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. இதில் சிசு பிரிவில் ரூ. 50,000 வரையும், கிசோர் பிரிவில் ரூ. 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் ரூ. 10 லட்சம் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். நடைமுறையில் நகைக்கடனும் ஏலச்சீட்டுமே பலருடைய முதல் மூலதனமாகின்றன. சீட்டு நிறுவனங்கள் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யாத சீட்டு உடையும்போது சட்டத்தின் வழியாகப் பணத்தை மீட்பது கடினம். நாள் வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இல் அதீத வட்டி வசூலித்தலைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது.

கட்டாய மூடல்

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய நாடளாவிய ஊரடங்கில் அழகு நிலையங்களும் முடிதிருத்தகங்களும் மூடப்பட்டன. மே மாதத்தில் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இவற்றைத் திறக்க அனுமதி அளிக்கப்பட்டபோது, சென்னைப் பெருநகரக் காவல் எல்லைக்கு அது பொருந்தவில்லை. ஆவடியும் பூந்தமல்லியும் சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்தபோதிலும் அப்போது அக்காவல் எல்லைக்குள் அடங்கியிருந்தன. ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் 2022இல் தான் தனியாக அமைக்கப்பட்டது. இதன் காரணமாக இங்குள்ள நிலையங்கள் ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. திறந்த சில வாரங்களிலேயே ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை மீண்டும் முழு ஊரடங்கு வந்தது.

இரண்டாம் அலையின்போது 2021 ஏப்ரல் 26 முதல் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் இந்நிலையங்கள் மூடப்பட்டன. சென்னை, திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஜூன் 14 அன்று, குளிர்சாதன வசதியின்றியும் ஒரே நேரத்தில் 50 விழுக்காடு வாடிக்கையாளர்களுடனும் திறக்க அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலம் 49 நாட்கள். மேற்கண்ட கற்பனைக் கணக்கில் உள்ள நிலையம் இந்த 49 நாட்களில் எந்த வருமானமும் இன்றி ஏறத்தாழ ரூ. 82,000 நிலைச்செலவைச் சுமந்திருக்கும். குறைந்தது இரு மாத நிலைச்செலவைத் தனி வங்கிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு இதுவே அடிப்படை.

இடமும் இயற்கையும்

வெள்ளம்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் பெய்த மழையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி முதலிய ஊர்கள் ஏரிகளை ஒட்டி வளர்ந்தவை. ஏரிகள் நிரம்பும்போது உபரிநீர் தாழ்வான தெருக்களையே நாடுகிறது. தரைத்தளக் கடைகளில் முடி உலர்த்திகள், மெழுகு சூடாக்கிகள், நீரியல் நாற்காலிகள், இருப்பில் உள்ள அழகுப் பொருட்கள் ஆகியவை ஒரே இரவில் பயனற்றுப் போகலாம். மின்செருகிகளை இடுப்பளவு உயரத்துக்கு மேல் அமைத்தல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இருப்பைக் குறைத்தல், பொருட்களை மேல் அடுக்குகளில் வைத்தல் ஆகியவை செலவு குறைந்த தடுப்பு முறைகளாகும்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் சூட்சும உத்யம் சுரக்சா என்னும் பொதுவான காப்பீட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மொத்த மதிப்பு ரூ. 5 கோடி வரை உள்ள தொழிலகங்களுக்கு இது பொருந்தும். தீ, புயல், வெள்ளம் முதலியவற்றால் கட்டடம், கருவிகள், இருப்பு ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதத்தை இது ஈடுசெய்கிறது. கொள்முதல் ரசீதுகளும் பொருட்களின் ஒளிப்படங்களும் இல்லாவிடில் இழப்பை மெய்ப்பிப்பது கடினம். அவை கடையிலேயே இருந்து நனைந்துவிட்டாலும் அதே நிலைதான்.

தண்ணீர்ப் பற்றாக்குறை

2019 கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வற்றின. அழகு நிலையத்துக்குத் தலை கழுவவும் துண்டுகள் துவைக்கவும் நல்ல நீர் தேவை. லாரி நீர் வாங்க நேரும் மாதங்களுக்கான செலவையும் ஆண்டுத் திட்டத்தில் சேர்ப்பது நன்று.

வாடகையும் சாலைப் பணிகளும்

கடைக்கு வாடிக்கையாளர் வருவது வழியைப் பொறுத்தது. பூந்தமல்லியைக் கலங்கரை விளக்கத்துடன் இணைக்கும் மெட்ரோ இரயில் வழித்தடப் பணிகளின்போது சாலையோரக் கடைகளின் முன் தடுப்புகள் எழுந்தன. பாடி முதல் திருநின்றவூர் வரையிலான நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டமும் நீண்ட காலமாகப் பேசப்பட்டு வருகிறது. பெருஞ்செலவில் உள் அலங்காரம் செய்யுமுன் இத்தகைய திட்டங்களைக் கேட்டறிவது அவசியம்.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வாய்மொழி ஒப்பந்தத்தில் இயங்கும் நிலையம், வாடிக்கையாளர் சேர்ந்த பின் இடத்தை இழக்கும் இடரைச் சுமக்கிறது.

வாடிக்கையாளர் உடல்நலம்

அழகு நிலையம் பிற கடைகளில் இருந்து வேறுபடுவது, அது மனித உடலைத் தொட்டுப் பணியாற்றுவதாலாகும். ஒரு தவறு வாடிக்கையாளரின் தோலிலும் கண்ணிலும் குருதியிலும் முடியலாம்.

வேதிப்பொருட்கள்

பல முடிச்சாயங்களில் உள்ள பாரா-பினைலின்டையமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். சாயமிடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவிச் சோதிப்பது நிறுவப்பட்ட முறையாகும். முன்பு பலமுறை சாயமிட்டவருக்கும் ஒவ்வாமை புதிதாகத் தோன்றலாம் என்பதால், பழைய வாடிக்கையாளர் என்பது சோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது.

சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் கண்டறியப்பட்ட 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை காணப்பட்டது. அவர்களுள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பயன்படுத்தியவர்கள். இந்திய அழகுப் பொருள் விதிகள், 2020 இன்படி, கண் பகுதிக்கானவை தவிர்ந்த அழகுப் பொருட்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இல்லாத களிம்பை, விலை எவ்வளவு குறைவாயினும், வாங்காதிருப்பதே தவிர்த்தல் வழியாகும்.

தொற்று

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே நிலையத்தில் பாதப் பராமரிப்புப் பெற்ற நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கால்களில் ஆறாத கொப்புளங்கள் தோன்றின. கால் தொட்டிகளின் நீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் தேங்கியிருந்த முடியிலும் தோல் துகள்களிலும் நுண்ணுயிர் வளர்ந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. தொட்டி மேலே தூய்மையாகவே தோன்றியது. கருவிகளை முதலில் சவர்க்காரத்தால் கழுவி அழுக்கை நீக்கிய பின்னரே கிருமிநாசினியில் இட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநாசினி முழுப் பயன் தருவதில்லை. சவர அலகுகளை ஒருவருக்கு ஒன்றாகப் பயன்படுத்துவது ஹெப்படைட்டிஸ் பி, சி முதலிய குருதிவழித் தொற்றுகளைத் தடுக்கிறது.

தொழிலின் எல்லை

அழகுக்கலையும் மருத்துவமும் சந்திக்கும் இடத்தில் பெரிய இடர் உள்ளது. 2016இல் சென்னையில் முடி மாற்று அறுவைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்நிலையம் முடிதிருத்தகத்துக்கான உரிமம் மட்டுமே பெற்றிருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் உரிமமற்ற நிலையம் ஒன்றில் நுண்ணூசி வழியாகக் குருதிக்கூறுகளைச் செலுத்தும் முகச் சிகிச்சை பெற்ற சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் தெரியவந்தது. ஊசி, அறுவை, மச்சம் நீக்கல் முதலியவற்றைச் சிறு நிலையம் மேற்கொள்ளலாகாது. இவற்றால் வரும் கூடுதல் வருமானம், ஏற்படக்கூடிய இழப்புக்கு எவ்வகையிலும் ஈடாகாது.

தலை கழுவும் தொட்டியில் கழுத்தை அதிகமாகப் பின்னோக்கி வளைப்பதால் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் பாதிக்கப்பட்டுப் பக்கவாதம் ஏற்படலாம் என 1993இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் விவரிக்கப்பட்டது. இது அரிதானது, கழுத்தின் கீழ் மடித்த துண்டை வைத்துத் தாங்கினால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

சட்டமும் வரியும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி, சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ரூ. 50 லட்சம் வரையிலான கட்டணம் செலுத்திப் பெற்ற சேவை குறித்த முறையீடுகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். தில்லியில் ஓர் ஐந்து நட்சத்திர விடுதியில் முடி தவறாக வெட்டப்பட்டதற்காக ஒரு விளம்பர அழகிக்கு ரூ. 2 கோடி இழப்பீடு வழங்கத் தேசிய ஆணையம் 2021இல் ஆணையிட்டது. இத்தொகைக்குச் சான்று தேவை எனக் கூறி உச்சநீதிமன்றம் 2023 பெப்ரவரியில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. இழப்பீட்டின் அளவு சான்றுகளைப் பொறுத்தது என்பதை இது காட்டுகிறது. சான்று இரு தரப்புக்கும் உதவும்: வாடிக்கையாளர் பெயர், நாள், பயன்படுத்திய பொருள், தொகுதி எண், ஒவ்வாமைச் சோதனையின் முடிவு ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிறு பதிவேடு நிலையத்தின் சிறந்த பாதுகாப்பாகும்.

ஆண்டு விற்றுமுதல் ரூ. 20 லட்சத்தைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவை. அழகுச் சேவைகள் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டில் இருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் பொருட்கள் வாங்கும்போது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி இதில் இல்லை. எனவே அவ்வரி இப்போது நிலையத்தின் செலவாகிறது. விலைப் பட்டியலை அமைப்போர் இதனைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பணியாளர் தொடர்பான இடர்கள்

வாடிக்கையாளர் பெரும்பாலும் கடையைவிடக் கைகளையே தேடி வருகிறார். பயிற்சி பெற்ற பணியாளர் விலகிச் சென்றால் அவருடன் வாடிக்கையாளரும் செல்வர். விலகிய பின் அருகில் தொழில் செய்யக்கூடாது என எழுதி வாங்கும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் தீர்வன்று. முறையான சம்பளம், வருமானத்தில் பங்கு, ஒவ்வொரு சேவையையும் குறைந்தது இருவருக்குக் கற்பித்தல் ஆகியவையே இவ்விடரைக் குறைக்கின்றன.

நாள் முழுதும் நின்று பணியாற்றுவோருக்கு முதுகுவலியும் கால் நரம்புச் சுருட்டலும் ஏற்படுகின்றன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், பணியாளருக்கு இருக்கை வசதி அளிப்பதைக் கட்டாயமாக்கியது. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் இடங்களில் பாலியல் தொல்லை குறித்த முறையீடுகளை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் அளிக்கலாம்.

போட்டியும் கூட்டாண்மையும்

சென்னையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நேச்சுரல்ஸ், பின்னர் வந்த கிரீன் டிரெண்ட்ஸ் முதலிய தொடர் நிலையங்கள் உரிமைக் கிளை முறையில் புறநகர்களுக்கும் பரவின. இம்முறையில் பெயரும் பயிற்சியும் கிடைக்கின்றன. பதிலாகத் தொடக்கக் கட்டணமும் விற்பனையில் பங்கும் செலுத்த வேண்டும். வாடகை, பணியாளர் ஆகிய இடர்கள் பெரும்பாலும் கிளை நடத்துபவரிடமே தங்கிவிடுகின்றன. 2014இல் தொடங்கிய அர்பன் கம்பெனி போன்ற செயலிகள் வீட்டுக்கே சேவையைக் கொண்டு செல்கின்றன. சிறு நிலையத்தின் வலிமை, அருகாமையும் நம்பிக்கையும் ஆகும். ஒரு தோல் காயம் அந்நம்பிக்கையை முழுத் தெருவிலும் குலைத்துவிடும்.

இடர்ப் பட்டியல்

| இடர் | வாய்ப்பு | பாதிப்பு | வழி |
|---|---|---|---|
| பருவ மந்தம் | ஆண்டுதோறும் | நடுத்தரம் | ஏற்றல் (ஒதுக்கீடு) |
| பணியாளர் விலகல் | அடிக்கடி | நடுத்தரம் | குறைத்தல் |
| சாய ஒவ்வாமை | சில வேளை | பெரிது | குறைத்தல் (சோதனை, பதிவேடு) |
| வெள்ளம் | சில ஆண்டுகளுக்கு ஒருமுறை | பெரிது | பகிர்தல் (காப்பீடு) |
| நீண்ட மூடல் | அரிது | மிகப் பெரிது | ஏற்றல் (இரு மாத இருப்பு) |
| ஊசி, அறுவைச் சேவைகள் | செய்தால் மட்டும் | மிகப் பெரிது | தவிர்த்தல் |

இப்பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மீளாய்வு செய்வது இப்பகுதிக்குப் பொருத்தமானது. ஒரு பக்கத் தாளுக்கு மேற்படாத பட்டியலே போதுமானது. தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் பதிவேடு, காப்பீட்டுப் பத்திரம், எழுத்திலான வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கும் இருந்தால் மேற்கண்ட இடர்களுள் பலவற்றை, குடும்பத்தின் சேமிப்பை இழக்காமல் சமாளிக்க இயலும்.

இவற்றையும் பார்க்க

* இடர் மேலாண்மை
* அழகுக்கலை
* அம்பத்தூர் தொழிற்பேட்டை
* நுகர்வோர் பாதுகாப்பு
* சமநிலைப் புள்ளி